வெசன முட்டை

நாமக்கல்லுக்குத் தெற்கே மோளக்காட்டுப்புதூர் என்று ஓர் ஊர். ஆளுக்கு நூறு கோழி என்று பங்கு பிரித்துக் கொடுத்தாலும் கோழி மிச்சமாகிற ஊர். காற்று மேற்கே இருந்து அடித்தால் இறகு பறக்கும், கிழக்கே இருந்து அடித்தால் எரு நாறும், அடிக்காவிட்டால் இரண்டும் சேர்ந்து நிற்கும். அந்த ஊரின் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில், புரட்டாசி மாதத்து ஒரு திங்கட்கிழமை, நான்காம் வகுப்புத் தன்ஷிகா கரும்பலகைக்கு முன்னால் நின்று, ஏழெட்டு எவ்வளவு என்று தெரியாமல் விழித்து, பின்பெஞ்சிலிருந்து யாரோ சிரித்ததைக் கேட்டு, தொண்டைக்கு வந்துவிட்ட அழுகையை எச்சிலோடு எச்சிலாக விழுங்கிவிட்டு, தன் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். மணியடித்து அவள் எழுந்தபோது பெஞ்சின்மேல் ஒரு முட்டை இருந்தது.

வேறு ஊராக இருந்தால் கூட்டம் கூடியிருக்கும், டிவிக்காரர்கள் வந்திருப்பார்கள், யாராவது மஞ்சள் துணி சுற்றி வேப்பிலை செருகியிருப்பார்கள். இது முட்டைக்காரர்கள் ஊர். இங்கே முட்டையைப் பார்த்தால் எல்லாருக்கும் முதலில் வருகிற கேள்வி எத்தனை கிராம் என்பதுதான். வகுப்பாசிரியை எஸ்தர் அதை எடுத்து உருட்டிப் பார்த்தார். வாத்து முட்டை அளவு, இளஞ்சாம்பல் நிறம், சூடு இன்னும் ஆறவில்லை. சத்துணவு முட்டையாக இருந்தால் மையில் முத்திரை குத்தியிருக்கும், இதில் அதுவும் இல்லை.

“யாருதுடி இது?”

“என்னுதுங்க டீச்சர்.”

“எப்பப் போட்ட?”

“இப்பத்தானுங்க.”

எஸ்தர் டீச்சர் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். பிள்ளைகள் வகுப்பில் வாந்தியெடுத்துப் பார்த்தவர், விழுந்த பல்லைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கப் பார்த்தவர், டிபன்பாக்ஸுக்குள் உயிரோடு ஓணான் இருக்கப் பார்த்தவர். அந்த வரிசையில் இதையும் சேர்த்துக்கொண்டு, முட்டையைப் பழைய பேப்பரில் சுற்றிப் பையில் வைத்து, டைரியில் சிவப்பு மையால் ஒரு வரி எழுதி அனுப்பினார்: ‘தங்கள் மகள் இன்று வகுப்பில் ஒரு முட்டையிட்டாள். பார்த்துக் கையொப்பமிட்டு அனுப்பவும்.’

கையொப்பமிட வேண்டியவர் சென்னியப்பன். ஊர்க்கோடியில் இருக்கிற ஹேச்சரியில், அதாவது மெஷினில் முட்டை வைத்துக் குஞ்சு பொரிக்கிற இடத்தில், பதினேழு வருடமாகச் சூப்பர்வைசர். ஒரு தட்டு முட்டையைக் கையால் தடவியே எதில் கரு கூடியிருக்கிறது, எது கூமுட்டை என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனுசனுக்குச் சொந்த மகள் விஷயத்தில் மட்டும் கையும் ஓடாது காலும் ஓடாது. ஒன்பது வயசுப் பிள்ளைக்கு ஷூவுக்குக் கயிறு கட்டிவிடுவார், பென்சில் சீவி ஐந்தாக அடுக்கி வைப்பார், பள்ளிக்கூட வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வகுப்பு ஜன்னல் பக்கமாகச் சுற்றி வந்து எட்டியும் பார்ப்பார். போன வருடம் அகல்யா என்கிற தோழி விளையாட்டுக்கு இவள் செருப்பை ஒளித்து வைத்தாள் என்று கேள்விப்பட்டு, அன்றைக்கே அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று அவர் போட்ட சத்தத்தில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. செருப்பு கிடைத்தது. அகல்யா வேறு பெஞ்சுக்கு மாறிப் போனாள். சென்னியப்பன் அதைத் தான் ஜெயித்த கணக்கில் வைத்துக்கொண்டார்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குப் பின்னால் தரையோடு தரையாக ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. தன்ஷிகா மூன்று வயதில், ஓர் ஆடி மாதம், அதற்குள் விழுந்து, அப்பாவால் தூக்கப்பட்டுப் பிழைத்தவள். காற்றில் தகர மூடி பறந்துபோனதுதான் காரணம் என்று சென்னியப்பன் சொன்னார். அவர் மனைவி தமயந்தி அன்றிலிருந்து வருடா வருடம் ஆடி பிறந்ததும் வாசலில் நின்று காற்றைப் பார்த்துப் பச்சை பச்சையாகத் திட்டுவாள். சென்னியப்பனோ தகரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இரும்பு மூடி போட்டார், பூட்டும் போட்டார், போட்ட பூட்டை ஒரு நாளைக்கு மூன்று தடவை தொட்டுப் பார்த்தார். மூடியைத் தொடாமல் இவருக்குச் சோறு இறங்காது என்று ஊரே கேலி பேசும். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அன்றைக்குச் சாயங்காலம் தன்ஷிகா முட்டையை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முட்டைக்குள்ளே லேசாகக் கொத்துகிற சத்தம் கேட்டது. சென்னியப்பனுக்கு அந்த முகத்தைப் பார்க்கத் தாங்கவில்லை. “இங்க குடு சாமி,” என்று வாங்கிக்கொண்டு வீட்டுப் பின்புறத்துப் பொடக்காலிக்குப் போய், துவைக்கிற கல்லில் ஒரே தட்டாகத் தட்டினார். மஞ்சள் கருவும் இல்லை, வெள்ளைக் கருவும் இல்லை. கண் திறக்காத, இறகு முளைக்காத, ஈரமான ஒன்று சாக்பீஸ் வாசத்தோடு ஒரு மூச்சு விடுகிற நேரம் கல்லின்மேல் கிடந்து, அப்படியே ஆவியாகிப் போனது. திரும்பி வந்தால் பிள்ளை முகம் தெளிந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். “முடிஞ்சுது பாரு. அப்பன் இருக்கறப்ப உனக்கென்ன கண்ணு வெசனம்?” என்றார். அந்தப் பக்கத்தில் கவலைக்கு வெசனம் என்றுதான் பெயர். இப்படியாக முட்டைக்கும் பெயர் வைத்தாகிவிட்டது.

மறுநாள் தன்ஷிகா இரண்டு முட்டையோடு வந்தாள்.

அந்த வாரமே மற்ற பிள்ளைகளும் ஆரம்பித்துவிட்டார்கள். விளையாட்டில் சேர்த்துக்கொள்ளப்படாதவன் ஒன்று, அப்பா அம்மா சண்டையைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டவள் இரண்டு, கறிக்கு அறுத்த ஆட்டுக்குட்டிக்காக யாருக்கும் தெரியாமல் அழுகையை அடக்கியவன் தட்டு நிறைய என்று, மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, விழுங்கியவர்கள் எல்லாம் இட்டார்கள். கால்நடை டாக்டர் வந்து விளக்கடியில் பிடித்துப் பார்த்து, கரு கூடின முட்டைதான், கோழிமுட்டை இல்லை, சீக்கு எதுவும் இல்லை என்று சொல்லி, வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் ஒவ்வொன்றிலும் ‘உணவுக்கு உதவாது’ என்று முத்திரை குத்திவிட்டுப் போனார். அதோடு ஊருக்கு நிம்மதி வந்துவிட்டது. முத்திரை குத்திய முட்டைக்கு யார் பயப்படுவார்கள்!

அப்புறம் முட்டைக்காரர்கள் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். எடை போட்டார்கள். தட்டில் அடுக்கினார்கள். பெற்றோர் வாட்ஸப் குழுவில் படம் போட்டார்கள். ‘எங்க பையன் இந்த மாசம் ஒண்ணே ஒண்ணுதாங்க’ என்று ஒருத்தி போட, ‘எங்க பிரணவ் ஒண்ணுகூடப் போடலீங்க, அவன் எதையும் மனசுல வெச்சுக்க மாட்டானுங்க’ என்று இன்னொருத்தி போட, அந்தப் பிரணவின் வீட்டில் நவராத்திரிக்குப் பரண்மேல் இருந்த பொம்மைப் பெட்டியை இறக்கினபோது, பொம்மைக்குப் பதிலாக நூற்றிப் பத்து முட்டை வரிசையாக அடுக்கி இருந்தது. பையன் எட்டிப் பார்த்து, “அது பழசுங்கம்மா,” என்றான்.

கரு கூடின முட்டையைக் குளிரில் வைத்தால் வளர்ச்சி அப்படியே நிற்கும் என்பது அந்த ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். ஆகவே ஊர் கூடிப் பேசி, பால் சொசைட்டியின் குளிர் அறையில் ஓர் ஓரமாக எல்லா வெசன முட்டைகளையும் கொண்டுபோய் வைத்தது. நல்ல யோசனை என்று எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பாராட்டிக்கொண்டார்கள். ஐப்பசி மழையில் டிரான்ஸ்பார்மர் வெடித்து ஒரு பகல் முழுக்கக் கரண்ட் போனது, குளிர் அறையும் சூடாகிவிட்டது. அன்றைக்குப் பதினொரு மணி வாக்கில், நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்ந்து, கணக்குப் பாடத்தின் நடுவில், மூன்று வாரத்துக்கு முந்தின விஷயங்களுக்காக ஒரே குரலில் ஓவென்று அழுதன. தின்று ஏப்பம் விட்ட ஆட்டுக்குட்டிக்காக ஒருவன் அழுதான். சமாதானமாகிப் போன சண்டைக்காக இரண்டு பேர் கட்டிப்பிடித்து அழுதார்கள். எஸ்தர் டீச்சர் வாளியைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டு, தானும் எதற்கோ கொஞ்சம் அழுதார்.

அத்தனை முட்டையில் சென்னியப்பன் மகளுடைய முட்டை ஒன்றுகூடக் கிடையாது. அவர்தான் வருகிற முட்டையை வந்த கையோடு உடைத்துவிடுகிறாரே! சொசைட்டிக்கு எதற்கு, பரணுக்கு எதற்கு, அப்பன் எதற்கு இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, வேலைவிட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் பொடக்காலிக்குப் போய்த் தட்டினார். தீபாவளிக்குள் இருபது, கார்த்திகை பாதியில் முப்பத்தொன்று. கல்லுக்குக் கீழே முட்டை ஓடுகள் குவிந்து கிடந்ததைப் பார்த்துப் பெருமைப்பட்டும் இருந்தார்.

ஆனால் தன்ஷிகாவின் குரல் குறைந்துகொண்டே வந்தது. முன்பெல்லாம் அவள் வீட்டு வாசலில் நின்று “அப்பா” என்று கூப்பிட்டால், இருநூறு தப்படி தள்ளி ஹேச்சரி கேட்டில் நிற்கிறவர்களுக்குக் கேட்கும்; பிறகு தெருமுனை வரைதான் கேட்டது; பிறகு வாசல்படி வரை; பிறகு பக்கத்து அறை வரை; அப்புறம் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தால்தான் உண்டு. பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுக்கும்போது அவள் “உள்ளேன் டீச்சர்” என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அது காதில் விழாததால் எஸ்தர் டீச்சர் ‘வரவில்லை’ என்று குறித்தார். முன்பெஞ்சில் பிள்ளை உட்கார்ந்திருக்க, வீட்டுக்கு மூன்று நாள் வராததற்குக் காரணம் கேட்டுக் கடிதம் வந்தது. தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் கோளாறே இல்லை, பாட்டுகூடப் பாடலாம் என்றார். தமயந்தி பேசுவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் இரண்டு குரல் போன மாதிரி ஆயிற்று. இப்படியே போனால் மார்கழிக்குள் மகள் கூப்பிடுகிற “அப்பா” முழுசாக இல்லாமல் போய்விடும் என்பது சென்னியப்பனுக்குத் தெரிந்தது.  அதற்கு அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: இன்னும் சீக்கிரமாக உடைப்பது.

அந்தச் சனிக்கிழமை காலை ஹேச்சரியில் இருபத்தோராம் நாள், பொரிக்கிற நாள். தட்டுத் தட்டாகக் குஞ்சுகள் ஓட்டைக் கொத்தி வெளியே வந்துகொண்டிருந்தன. புதிதாக வேலைக்குச் சேர்ந்த மரகதம், வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கிற பொம்பளை, ஒரு முட்டையில் குஞ்சு பாதி ஓட்டோடு திணறுவதைப் பார்த்து, பாவமே என்று நகத்தால் ஓட்டை நீக்கப் போனாள். சென்னியப்பன் பாய்ந்து வந்து அவள் கையைத் தட்டிவிட்டார்.

“கையை எடு! எத்தனை தடவை சொல்றது? அது முட்டி மோதி வரோணும். நீ பிச்சு விட்டா வரும், ஆனா நிக்காது. காலு தொவண்டுரும். பாவம் பாக்கறன்னு கொன்னு போட்டுராத.”

பதினேழு வருடமாகச் சொல்கிற வசனம். மரகதம் கையை மடியில் துடைத்துக்கொண்டு, நிதானமாக அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்ப நீங்க மட்டும் ஏனுங்கண்ணா உங்க புள்ள முட்டைய தெனமும் கல்லுல தட்டறீங்க?”

சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு குஞ்சு எண்ணினார்கள்.  அந்தக் குஞ்சு அதற்குள் தானாகவே ஓட்டை உதறிவிட்டு எழுந்து, தடுமாறி, உட்கார்ந்து, மறுபடி எழுந்து நின்றது. சென்னியப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தொரு முட்டை. முப்பத்தொரு தடவை அவர் கையாலேயே. 

“என்ன புள்ள பண்றது இப்ப?” என்றார், சூப்பர்வைசர் குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

“மெசின்லயே பொரிச்சுப் பொரிச்சு உங்களுக்கு மறந்து போச்சுங்கண்ணா. நாட்டுக்கோழி அடைக்கு ஒக்காந்தா முட்டை கூடப் பேசிக்கிட்டே இருக்குமுங்க. உள்ள இருக்கறது பதில் சொல்லும். பாப்பா மடியில வெச்சுப் பேசட்டும். நீங்க பக்கத்துல ஒக்காருங்க.”

“நான் என்ன பேசோணும்?”

“நீங்க பேச வேண்டாமுங்க.”

“அப்ப என்ன பண்ணோணும்?”

“ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க.”

“ஒண்ணும் பண்ணாம எப்படிப் புள்ள ஒக்கார்றது?”

“அதுதானுங்கண்ணா கஷ்டம்,” என்றாள் மரகதம்.

அன்று மத்தியானம் வீட்டுக் கூடத்தில் தன்ஷிகா பாயில் உட்கார்ந்தாள். மடியில் முப்பத்திரண்டாவது முட்டை. முன்பு இட்டவற்றையெல்லாம்விடப் பெரியது, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. சென்னியப்பன் எதிரே உட்கார்ந்தார். கை இரண்டும் அரித்தது. முதலில் மார்போடு கட்டிக்கொண்டு பார்த்தார், அது தானாக அவிழ்ந்துகொண்டது. துண்டால் கட்டிப் பார்த்தார், பல்லால் முடிச்சை அவிழ்த்துவிட்டார். கடைசியில் இரண்டு உள்ளங்கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். தமயந்தி டீ கொண்டுவந்து அவர் எட்ட முடியாத இடமாகப் பார்த்து வைத்தாள். “கையை எடுத்தீங்கன்னா பாருங்க,” என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது.

தன்ஷிகா முட்டையின்மேல் குனிந்து பேசினாள். ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. சென்னியப்பனுக்கு என்ன கண்ணு, என்ன சாமி, யாரு என்ன சொன்னா, சொல்லு, அப்பன் போய்க் கேக்கறேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, கீழே கை நசுங்கியது, வாயைக் கடித்துக்கொண்டார். அரை மணி நேரம் ஆயிற்று. டீயில் ஆடை படிந்தது. உள்ளே டொக் டொக்கென்று கொத்துகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஓட்டில் மயிரிழை அளவு ஒரு கீறல் விழுந்தது. அந்தக் கீறல் விழுந்ததும் பிள்ளையின் குரலும், ஈசல் பறக்கிற சத்தம் அளவுக்கு, வெளியே வந்தது.

“…எல்லாத்தையும் அப்பாகிட்டச் சொன்னா அப்பா போய்ச் சண்டை போடுவாங்க. அகல்யா எங்கூடப் பேசறதே இல்ல. செருப்பு போனாப் போகுது. எனக்கு அகல்யாதான் வேணும். அப்பாகிட்டச் சொல்லவே பயமா இருக்குது…”

மோளக்காட்டுப்புதூரில் அன்றைக்குச் சென்னியப்பன் பட்ட பாட்டை எந்தக் கோழியும் பட்டிருக்காது. இடி விழுந்த மாதிரி இருந்தது. இல்லை சாமி, அப்பன் உனக்காகத்தானே என்று கத்த வேண்டும் போலிருந்தது. உடனே அகல்யா வீட்டுக்கு ஓடி, காலில் விழுந்து, பிள்ளையை மறுபடி எங்க பாப்பா பெஞ்சிலேயே உட்கார வையுங்க என்று சொல்ல வேண்டும் போலவும் இருந்தது. அதுவும் உடைக்கிற வேலைதான் என்று ஏதோ ஒன்று அவரைப் பிடித்து நிறுத்தியது. கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. துடைக்கக் கை இல்லை. தன்ஷிகா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கீழே குனிந்து முட்டையைப் பார்த்தாள். மறுபடி பேச ஆரம்பித்தாள், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓடு இரண்டாகப் பிளந்தது. வெளியே வந்தது சாதாரணக் குஞ்சுதான், நிறம் மட்டும் சாம்பல். ஈரமாக, அசிங்கமாக, காலைப் பரப்பிக்கொண்டு கிடந்தது. ஒருத்தரும் தொடவில்லை. அதுவே விழுந்து எழுந்து, நின்று, பாயை ஒரு கொத்துக் கொத்திப் பார்த்தது.

“அப்பா,” என்றாள் தன்ஷிகா. பக்கத்து அறை வரைக்கும் கேட்டது.

திங்கட்கிழமை அவள் அந்தக் குஞ்சைத் தூக்கிக்கொண்டு போய் அகல்யாவிடம் காட்டினாளாம். அகல்யா தன்னுடைய முட்டை ஒன்றை எடுத்து வந்து காட்டினாளாம். பிறகு என்ன பேசிக்கொண்டார்கள் என்பது சென்னியப்பனுக்குத் தெரியாது. கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததில் அவருக்கு இரண்டு கிலோ எடை குறைந்தது.

சமாசாரம் ஊருக்குள் பரவியதும் சொசைட்டிக் குளிர் அறையைக் காலி செய்தார்கள். ஐந்து மணியானால் வீட்டுக்கு வீடு அடை நேரம்: பிள்ளை முட்டையோடு பேசும், பெரியவர்கள் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஆரம்பத்தில் கை மரத்துப் போகாத ஆளே இல்லை. ஒருத்தர் போனைப் பார்த்துவிட்டார் என்று முட்டை இரண்டு நாள் சத்தமே இல்லாமல் கோபித்துக்கொண்டது. பிரணவுக்கு நூற்றிப் பத்தும் பொரிக்கத் தை பிறந்துவிட்டது. அவன் பள்ளிக்கூடம் போனால் பின்னாலேயே தெருவை அடைத்துக்கொண்டு சாம்பல் குஞ்சுகள் போயின. அவன் அம்மாதான் முன்னால் போய் வண்டிகளை நிறுத்தினாள், முகத்தில் ஒரு வெட்கமும் இல்லாமல். அந்தக் குஞ்சுகள் சாகவில்லை, பெரிதாக வளரவும் இல்லை. ஒரு கை குருணை போட்டால் போதும், தின்றுவிட்டு மூலையில் கிடக்கும். பரீட்சை நாளில் மட்டும் கொஞ்சம் கத்தும். சிலது ஒரு நாள் காட்டுப் பக்கம் மேய்ந்துவிட்டு வரேன் என்பதுபோலப் போய்த் திரும்பி வராது. தேடுகிற வழக்கம் இல்லை.

பள்ளிக்கூடத்தில் எஸ்தர் டீச்சரும் கடைசி மணிக்கு முன்னால் அடை நேரத்தைச் சேர்த்தார். ஆய்வுக்கு வந்த கல்வி அதிகாரி, கால அட்டவணையில் இது என்ன பாடம் என்று கேட்டார். “ஒண்ணும் பண்ணாத பாடமுங்க சார்,” என்று பிள்ளைகள் கோரஸாகச் சொன்னார்கள். அதிகாரி முகத்தைச் சுளித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கால் மணி நேரமும் பார்த்தார். எழுந்தபோது நாற்காலியில் ஒரு முட்டை இருந்தது. அவர் அதை யாரையும் பார்க்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு, பள்ளி நன்றாக நடக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார். பெரியவர்களுக்கும் இது உண்டு என்பது ஊருக்கு அப்போதுதான் தெரிந்தது. அதைப்பற்றி யாரும் வாட்ஸப்பில் போடவில்லை.

தைப் பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்கிற நேரம். சென்னியப்பன் மூன்றாவது தடவையாகத் தொட்டி மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்தார். நாற்காலி பாரம் தாங்காமல் கிரீச்சென்றது. திரும்பிப் பார்த்தார். தேங்காய் அளவுக்கு ஒரு முட்டை. பாசி பிடித்த பச்சை நிறம். ஓடு தடித்து, நாள்பட்டு, வீடெல்லாம் தொட்டித் தண்ணீர் வாசம்.

அது என்னவென்று அவருக்கு உடனே தெரிந்தது. எங்கேயாவது கொண்டுபோய் ஒளித்துவிடலாமா, சொசைட்டியில் ஒரு மூலை கிடைக்குமா, பரணில் இடம் இருக்குமா என்று கண் அலைபாய்ந்தது. அதற்குள் தன்ஷிகா வந்துவிட்டாள். பார்த்தாள்.  பாயை விரித்து, உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். அடுப்படியிலிருந்து வந்த தமயந்தியும் கையைப் புடவையில் துடைத்துவிட்டு அந்தப் பக்கம் அப்படியே உட்கார்ந்தாள்.

சென்னியப்பன் முட்டையை மடியில் வைத்தார்.  ஒரு நாளைக்கு அறுபதாயிரம் முட்டை பார்த்தவர் இந்த ஒன்றை மட்டும் திருப்பித் திருப்பித் தடவிக்கொண்டிருந்தார். சூரியன் ஜன்னல் கம்பியில் ஒன்று இறங்கி இன்னொன்றுக்கு வந்தது.

“காத்து இல்ல,” என்றார் கடைசியில். “காத்துல பறக்கல. மூடிய நான்தான் தொறந்தேன். மோட்டாரு ஓடுதான்னு பாத்தேன். போன் வந்துச்சு. பேசிக்கிட்டே கேட் பக்கம் போயிட்டேன். மூடோணும்னு நெனப்பே இல்ல. திரும்பி வந்தா தண்ணிக்கு மேல பாவாடை மட்டும் தெரியுது. நான்தான்… நான்தான் தொறந்து போட்டேன்…”

தமயந்தி தொடைக்கடியிலிருந்து ஒரு கையை உருவினாள். அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். கையை மறுபடி இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டாள். “ஆறு வருசமா அந்தக் காத்தையில்ல திட்டிக்கிட்டு இருக்கறேன்,” என்றாள். அவள் கண்ணும் வழிந்தது, அவளுக்கும் துடைக்கக் கை இல்லை.

ஓடு விரிந்தது. பச்சையும் சாம்பலுமாக, சொட்டச் சொட்ட நனைந்து ஒரு குஞ்சு வெளியே விழுந்தது. கிடந்தது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். சென்னியப்பனின் விரல்கள் தானாக நீண்டன, தானாகவே மடங்கிக்கொண்டன.

“எனக்கு மூடியெல்லாம் ஞாபகமில்லைங்கப்பா,” என்றாள் தன்ஷிகா. “தண்ணி ஜில்லுனு இருந்துச்சு. அப்புறம் உங்க சட்டை சூடா இருந்துச்சு. அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டு எழுந்து வாசலுக்கு ஓடினாள். தெரு நடுவில் நின்று, வயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, இரண்டு கையையும் வாயில் குவித்து, ஊர்க்கோடி வரை கேட்கிற மாதிரி கத்தினாள்:

“எங்க அப்பா குஞ்சு பொரிச்சுட்டாங்கோ!”

இருநூறு தப்படி தள்ளி, ஹேச்சரி கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்த மரகதம் திரும்பிப் பார்த்தாள்.

“நிக்குதா கண்ணு?”

தன்ஷிகா வாசல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“நிக்குதுங்க அத்தை!”